மனைவி பார்த்துக்கொண்டால் அது செலவில் சேராதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆஸ்பத்திரி பில், மருந்து, சக்கர நாற்காலி, போன சம்பளம், இனி வராத சம்பளம் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். ஆனால் அடிபட்டவரை வீட்டில் யார் தூக்கி உட்கார வைக்கிறார்கள், அந்த உழைப்புக்கு வழக்கில் என்ன கணக்கு என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு அதிகம் மல்லுக்கட்டுவதே அந்த ஒரு விஷயத்தில்தான்.

வண்டி மோதியதில் என் கணவருக்குக் கழுத்தில், ஆறாவது நரம்பு மட்டத்தில் அடி. மணிக்கட்டைத் தூக்குவார், விரல்கள் மடங்காது. மார்பிலிருந்து கீழே தொட்டால் தெரியாது. இந்தக் காயத்தை டாக்டர்கள் ஏ முதல் இ வரை தரம் பிரிப்பார்கள். அவருடையது ஏ. அதாவது தண்டுவடத்தின் கடைசி நரம்புகளில்கூட உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. கோர்ட்டில் தாக்கல் செய்த மருத்துவ அறிக்கையில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது. அதற்கடுத்து, "அன்றாடத் தேவைகளுக்குப் பிறரைச் சார்ந்திருக்கிறார்" என்று ஒரே ஒரு வரி. என் நாள் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கிக் கிடக்கிறது.

ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் குழாய் போட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும். காலையில் மலம் கழிக்க வைப்பதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் குதிகால், இடுப்பு, வால் எலும்பு என்று தோலைப் பார்க்க வேண்டும். எங்கேயாவது சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பேன். வெளுத்து மறுபடி சிவந்தால் சரி. வெளுக்காமல் அப்படியே சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் படுக்க வைக்கவே கூடாது. படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால்கூடப் போதும், புண் வந்துவிடும். அவருக்கோ வலி தெரியாது.

இதையெல்லாம் விடப் பயம் தருவது ஒன்று உண்டு. ஒரு நாள் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது என்றார். முகமெல்லாம் வியர்வை, கழுத்து சிவந்துபோயிருந்தது. அன்று தற்காலிகமாகக் குழாயும் பையும் மாட்டியிருந்தோம். நேராக நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டுக் குழாயைப் பார்த்தேன். தொடைக்கு அடியில் மாட்டி மடங்கிக் கிடந்தது. எடுத்து நேராக்கியதும் சிறுநீர் இறங்கியது, கொஞ்ச நேரத்தில் தலைவலியும் இறங்கியது. மார்பில் ஆறாவது நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இப்படி ரத்த அழுத்தம் எகிறும். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரை போகலாம். பக்கத்தில் ஆள் இல்லை என்றால் மடங்கிய குழாயை அவரால் எடுத்துவிட முடியாது. 'துணைக்கு ஆள்' என்று மனுவில் கேட்டிருப்பது இதற்காகத்தான். பேச்சுத் துணைக்காக இல்லை.

குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் என்னிடம் கேட்டார்: "நீங்கள் வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தானே இருக்கிறீர்கள்? உதவியாள் வைத்துச் சம்பளம் கொடுத்ததாக ரசீது இருக்கிறதா?" வீட்டில்தான் இருக்கிறேன், அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாததால் இருக்கிறேன் என்றேன். ரசீது எங்கிருந்து வரும்? நான் எனக்கே சம்பளம் கொடுத்து ரசீது எழுதிக்கொள்ளவா?

இந்தக் கேள்வி புதிது இல்லை என்று எங்கள் வக்கீலம்மா சொன்னார். 1977-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி வழக்கு வந்திருக்கிறது. கைகால் நான்கும் செயலிழந்த ஒருவரை வீட்டாரும் அவருக்கு நிச்சயமான பெண்ணும் காசு வாங்காமல் பார்த்துக்கொண்டார்கள். காசு கைமாறியதா என்பது முக்கியமில்லை, அந்தப் பணிவிடை அவருக்குத் தேவைப்படுகிறதே, அதுதான் இழப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2020-இல், விபத்தில் படுத்த படுக்கையான ஒரு சிறுமியின் வழக்கில், உதவியாளுக்கான தொகையை ஏதோ ஒரு மொத்தத் தொகையாகக் கொடுத்து முடிக்காமல், ஒரு வருடச் செலவை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் (பெருக்கெண்) பெருக்கிக் கணக்குப் போட்டது. அதுவும் இரண்டு உதவியாட்களுக்கு. இரவும் பகலும் ஒரே ஆள் கண்விழிக்க முடியாது என்பது ஒரு நீதிமன்றத்துக்காவது புரிந்ததே என்று இருந்தது எனக்கு.

அன்புக்கு விலை பேசுகிறாயா என்று எங்கள் சொந்தத்திலேயே கேட்டவர்கள் உண்டு. நான் அன்பாக இருப்பதால் லாபம் மோதியவனுக்கும் அவனுடைய இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் போக வேண்டுமா? அவரை நாற்காலிக்கு மாற்றி மாற்றி என் முதுகே பிடித்துக்கொள்கிறது. எனக்கும் வயதாகும். என்னால் தூக்க முடியாத நாளில் கோர்ட்டுக்குத் திரும்பிப்போய், இப்போது ஆள் வைக்கக் காசு கொடுங்கள் என்று கேட்க முடியாது. பெரும்பாலான இடங்களில் ஒரே தடவைதான் தொகை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல், எதிர்காலச் செலவுக்கு வாழ்நாள் முழுக்கத் தவணையாகக் கொடுக்கும்படி நீதிமன்றமே உத்தரவிடலாம். அந்த வசதி இல்லாத ஊரில், இன்றைக்கு விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

சமரசம் பேச வருகிறவர்கள் சீக்கிரமே வருவார்கள். வழக்குப் போடும் கெடு ஓடிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் எந்த அளவுக்குச் சரியாகும் என்று தெரிவதற்கே மாதக்கணக்கில் ஆகும் காயம் இது. அதற்குள் முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதிதாக இதில் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு எங்கள் வக்கீலம்மா சொன்னதையே சொல்கிறேன். வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். எந்த மணிக்கு என்ன செய்தீர்கள், யார் செய்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது. "நன்றாகப் பார்த்துக்கொண்டோம்" என்றெல்லாம் எழுத வேண்டாம். "2.10 புரட்டினேன், இடது குதிகால் சிவப்பு" என்று எழுதுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வெளியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து பார்த்துக்கொண்டார். அந்த ரசீதையும் நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். ரசீது இருக்கிறதா என்று கேட்ட அதே வக்கீலிடம், நான் செய்யும் வேலைக்கு வெளியாள் வாங்கும் கூலி இது என்று அதைத்தான் காட்டினோம்.

வழக்கு நிலுவையில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி