கடல் காற்று இருக்கிறது, மின்சாரத்தை வாங்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைகள் வரப்போகின்றன, முதலீடு குவியப்போகிறது என்று பல வருடங்களாகப் படித்துவருகிறோம். 2024 பிப்ரவரியில் இங்கே 4,000 மெகாவாட்டுக்குக் கடற்படுகையைக் குத்தகைக்கு விட மத்திய அரசின் செகி (இந்திய சூரிய ஆற்றல் கழகம்) நிறுவனம் டெண்டர் விட்டது. கடைசித் தேதி தள்ளிக்கொண்டே போய், 2025இல் டெண்டரே ரத்தாகிவிட்டது. அடுத்த டெண்டர் வருவதற்குள் இது ஏன் நடந்தது என்று பேசியாக வேண்டும்.

காற்றைக் குறை சொல்ல முடியாது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கி, பிறகு முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டவர்கள் நாம். கடலில் காற்று இன்னும் வேகம், இன்னும் சீர். தமிழகக் கடலில் மட்டும் சுமார் 35,000 மெகாவாட் எடுக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு.

சிக்கல் டெண்டரின் நிபந்தனையில் இருந்தது. கடற்படுகையை எடுக்கும் நிறுவனம் தானே ஆய்வு செய்து, தானே கட்டி, மின்சாரத்தை வாங்க ஆளையும் தானே தேடிக்கொள்ள வேண்டும். மானியம் கிடையாது. கடலுக்குள் அடித்தளம், கடலடிக் கேபிள், தனிக் கப்பல்கள் என்று செலவு நிலத்துக் காற்றாலையைவிடப் பல மடங்கு. 25 வருடம் யார், என்ன விலைக்கு வாங்குவார் என்ற ஒப்பந்தம் கையில் இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரிட்டன் 2023 ஏலத்தில், மின்சாரத்துக்கு அரசு உறுதிசெய்யும் விலைக்கு ஒரு மெகாவாட் மணிக்கு 44 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தது. கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட வரவில்லை. மறுவருடம் அதை 73 பவுண்டாக உயர்த்தியதும் நிறுவனங்கள் திரும்பி வந்தன. 1991இலேயே உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை அமைத்த டென்மார்க், 2024இல் மானியமில்லாமல் 3,000 மெகாவாட்டுக்கு ஏலம் அறிவித்தபோது அங்கேயும் ஒரு விண்ணப்பம் வரவில்லை.

அதனால் பெரிய எண்களை விட்டுவிட்டு, கையில் இருப்பதை முதலில் முடிப்போம். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்கான 7,453 கோடி ரூபாய் மானியத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்துக்கு 500, தமிழகத்துக்கு 500 மெகாவாட், அப்புறம் இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி. நம் பங்கான 500 மெகாவாட்டை வாங்கிக்கொள்கிறோம் என்று மாநில மின்வாரியம் நீண்டகால ஒப்பந்தம் போடட்டும். மாலையில் சோலார் படுத்துவிடும் நேரத்தில் கிடைக்கும் காற்று மின்சாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. ஒன்று மட்டும் முக்கியம்: பணம் தேதி தவறாமல் போக வேண்டும். இங்கே காற்றாலைக்காரர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி நின்ற காலம் உண்டு. அதை வெளிநாட்டு முதலீட்டாளர்களும் மறக்கவில்லை.

முதலீட்டாளர் மாநாடுகளில் பேசப்படாத இன்னொன்று, மீனவர் சம்மதம். அதே கடலில்தான் நாட்டுப்படகும் விசைப்படகும் போகின்றன. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவும் கடற்பசுவும் இருப்பதும் இதே வளைகுடாவில்தான். குமரி மாவட்டத்து இனயத்தில் துறைமுகம் என்று அறிவித்தபோது கிளம்பிய எதிர்ப்பில் இடத்தையே மாற்ற வேண்டியிருந்தது. அந்த மக்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. யாரையும் கேட்காமல் வரைபடம் போட்டால் இங்கும் அதுதான் நடக்கும், நடக்கவும் வேண்டும்.

தூண்கள் எங்கே வரும், அவற்றுக்கு இடையே படகு போகலாமா, வலை விடலாமா, கேபிள் பதிக்கும் மாதங்களில் தொழில் இழப்பவருக்கு என்ன இழப்பீடு? இவற்றைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு ஊர்க் கமிட்டியிலும் வைத்துப் பேசி, பதிலை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த எழுத்தும் மின்வாரிய ஒப்பந்தமும் தயாரான பிறகு தமிழகத்தின் 500 மெகாவாட்டுக்கு டெண்டர் வரட்டும்.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகர் ஒருவர்