பாடக் குறிப்புகளை வாட்ஸாப்பில் மட்டும் விடாதீர்கள்: தமிழ்த் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு, வணக்கம்.

செமஸ்டர் தேர்வு நெருங்கினாலே வகுப்புக் குழுக்களில் ஒரே கேள்விதான்: "செகண்ட் யூனிட் நோட்ஸ் யார்கிட்டயாவது இருக்கா?" ஆசிரியர் ஜூலையிலேயே அனுப்பியிருப்பார். நவம்பரில் தொட்டால் இறங்காது. இறக்கப்படாத கோப்பை வாட்ஸாப் தன் சர்வரில் 30 நாள்தான் வைத்திருக்கும் என்பது நீங்கள் அறியாததல்ல. டேட்டாவும் இடமும் போதாமல் ஆட்டோ டவுன்லோடை நிறுத்தி வைத்திருப்பவர்களும், தாமதமாகச் சேர்ந்தவர்களும்தான் இதில் அடிபடுகிறார்கள். அவர்களையே "அக்கறை இல்லை" என்று திட்டுவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே. குழுவில் போடும் ஒவ்வொரு கோப்பும் அதற்கு முன்பே கல்லூரிக்குச் சொந்தமான நிலையான ஓரிடத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

புத்தகப் பக்கங்களைப் போனில் படமெடுத்து அனுப்புவதால் வரும் கேட்டையும் சொல்லியாக வேண்டும். கேலரியிலிருந்து அனுப்பும் படத்தை வாட்ஸாப் சுருக்கிவிடும். பொடி எழுத்தில் அச்சான உரைநூலில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கண்' என்பது 'கண' ஆகிறது. அடிக்குறிப்பு எண் 3 என்பது 8 போலத் தெரிகிறது. மாணவர் அதை அப்படியே ஆய்வேட்டில் எடுத்தாள, வாய்மொழித் தேர்வில் பிழை அவர் தலையில் விழுகிறது. தலைப்புப் பக்கம் படத்தில் இல்லாததால் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்றும் தெரியாது. ஆன்ட்ராய்டில் கோப்பின் பெயரோ பெரும்பாலும் 'டாக்', ஒரு தேதி, 'டபிள்யூஏ0007' என்று கிடக்கும். மூன்று மாதம் கழித்து அதைத் தேடி எடுப்பவர் யார்?

இதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் ஸ்கேன் செய்து, தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். பாடக் குறியீடு, அலகு எண், தேதி என்று பெயரிடுங்கள். கல்லூரி மின்னஞ்சல் கணக்கின் கூகுள் டிரைவிலோ கூகுள் கிளாஸ்ரூமிலோ ஏற்றுங்கள். சொந்த ஜிமெயில் வேண்டாம். ஆசிரியர் மாறிப் போனால் கோப்புகளும் அவரோடு போய்விடும். இணைப்பைக் குழு விவரத்தில் போட்டுவிட்டால் பிறகு சேர்பவருக்கும் கிடைக்கும். பழைய நூல் என்றால் முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும் தேடுங்கள். அங்கே இருந்தால் அதன் சுட்டியே போதும்.

ஆய்வுக்கும் இதே குழுக்கள்தானா என்ற வருத்தமும் உண்டு. "ஃபார்மை நிரப்பி ஷேர் செய்யுங்கள்" என்று கூகுள் படிவத்தைச் சுற்றுக்கு விட்டு, வந்த பதில்களைத் 'தமிழக இளைஞர்களின் மனநிலை' என்று தலைப்பிட ஆய்வு நெறியாளர்கள் எப்படி ஒப்புகிறார்கள்? படிவம் எத்தனை பேரை எட்டியது என்றே தெரியாதபோது பதில் விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது? நண்பரின் நண்பர்களே நிரப்பியிருந்தால், அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதச் சொல்வது நெறியாளரின் கடமை அல்லவா?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவசர அறிவிப்புக்கு வாட்ஸாப்பை விட வேகமான வழி இல்லை. அதை நிறுத்தச் சொல்லவில்லை. கோப்பு முதலில் கல்லூரிக் கணக்கில், பிறகு குழுவில் அதன் இணைப்பு. அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் துறைக் கூட்டத்தில் இதை முடிவு செய்து, பொறுப்பாசிரியர் ஒருவரை நியமிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள்