பெருங்காயத்தை மறந்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய் பற்றிய கட்டுரை வந்திருந்தது. தமிழில் அதிகம் பேசப்படாத நோயை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் அதில் ‘நமக்குச் சோறும் இட்லியும் இருக்கக் கவலை எதற்கு? சப்பாத்தியை நிறுத்தினால் போதும்’ என்று ஒரு வரி. நோய் இருப்பதாகத் தெரியவந்த கல்லூரிப் பிள்ளைகள் சத்து மாத்திரையும் பத்தியமுமாக இருந்தும் தேறாமல் போவதற்கு, இந்த நம்பிக்கையே பாதிக் காரணம்.

சப்பாத்தியும் பரோட்டாவும் கண்ணுக்குத் தெரிகிற கோதுமை. தெரியாத கோதுமை பெருங்காயத்தில் இருக்கிறது. செடியின் வேரிலிருந்து வடியும் பாலை அப்படியே சமையலில் போட முடியாது, அவ்வளவு நெடி. அதனால் மாவும் கோந்தும் சேர்த்தே கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு மைதா; திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு கணக்குப் போடலாம். பத்துப் பேருக்கான சாம்பாரில் 2 கிராம் தூள் விழுகிறது, அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால், சட்டியில் 80 முதல் 100 மில்லிகிராம் குளூட்டன் சேர்கிறது. தலைக்கு 8 முதல் 10. சீலியாக் உள்ளவர் ஒரு நாள் முழுவதற்கும் 10 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பதுதான் நல்லது. தினமும் 50 மில்லிகிராம் உள்ளே போனால் மூன்று மாதத்திலேயே குடலுறிஞ்சிகள், அதாவது சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள், தேய்வது தெரிகிறது. ஒரு நாள் சாம்பாரில் குடி முழுகிவிடாதுதான். ஆனால் ரசம், ஊறுகாய், அப்பளம், நீர்மோர் என்று விடுதிச் சாப்பாட்டில் எல்லாவற்றிலும் அதே தூள், மறுநாளும் அதே தூள். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது அந்த டப்பாவைத்தான்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகிலும் கம்பிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் நமக்கு முன்னால் யாரோ பத்துக் கிலோ கோதுமை அரைத்த இயந்திரத்தில் நம் கேழ்வரகைக் கொட்டினால், முதலில் வருவது அவர்கள் வீட்டுக் கோதுமைதான். வீட்டு மிக்ஸியில் அரைத்து, புதுச் சல்லடையில் சலிப்பதே சரி. பழைய சல்லடையின் கண்களில் ஒட்டிய மைதா எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. சப்பாத்திக் கட்டை, மரக் கரண்டி, இரும்புத் தோசைக்கல் இவற்றுக்கும் இதே கதிதான், தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்துக்கு அந்தக் கவலை வேண்டாம், நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

ஓட்டல் தோசை அரிசி, உளுந்துதான். அதே கல்லில் சற்றுமுன் ரவா தோசை வார்த்திருப்பார்கள். உளுந்து வடை பொரிகிற எண்ணெயில் பூரியும் சமோசாவும் பொரிந்திருக்கும். இடியாப்பத்திலும் ஆப்பத்திலும் மைதா சேர்க்கும் கடைகள் உண்டு. சில்லி சிக்கனில் மாவு இல்லையென்று சொன்னாலும் சோயா சாஸ் இருக்கும். வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பது. ராகி சேமியாப் பாக்கெட்டுகள் பலவற்றில் ராகியோடு கோதுமையும் இருக்கிறது. சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும். மால்ட் பானங்களில் மால்ட் என்பதே முளைகட்டிய பார்லி. கார்ன் ஃப்ளேக்ஸிலும் சுவைக்காக மால்ட் சேர்ப்பதுண்டு. ஆவியில் வெந்த இட்லியும் தேங்காய்ச் சட்னியும்தான் வெளியில் ஓரளவு நம்பத் தகுந்தவை, அதுவும் சட்னித் தாளிப்பில் பெருங்காயம் இல்லையென்றால்.

ஓட்டலில் ‘குளூட்டன்’ என்று சொல்லிப் பயனில்லை, தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘கோதுமை, மைதா, ரவை, சேமியா, பெருங்காயம் எதுவும் ஆகாது, பட்ட கரண்டியும் ஆகாது’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பரிமாறுபவரிடம் அல்ல, மாஸ்டரிடம். விடுதி மெஸ்ஸிலும் இப்படித்தான். வெள்ளைச் சோறு, தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம் இவற்றை மெஸ்ஸில் வாங்கிக்கொண்டு, குழம்புக்கும் காய்க்கும் ஒரு லிட்டர் மின்சாரக் குக்கரை அறையில் வைத்துக்கொள்ள வார்டனிடம் மருத்துவரின் கடிதத்தோடு அனுமதி வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. வரிசையில் முதல் ஆளாகப் போவது இன்னொரு உபாயம்: கரண்டிகள் இடம் மாறுவதற்குள் வாங்கிவிடலாம். பாக்கெட் உணவில் ஒவ்வாமை அறிவிப்பு வரியைப் படிப்பது பழகிவிடும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தால், இந்திய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அந்த முத்திரையோடு வரும் விலை உயர்ந்த பிஸ்கட்டுகளில் பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். அவை இல்லாமல் யாருக்கும் குறைந்துவிடாது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறே என்றிருப்பதும் நல்லதல்ல. நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் குறையும், மலச்சிக்கல் வரும். கம்பு, கேழ்வரகு, பயறு, கீரை கட்டாயம் வேண்டும்.

கட்டுரையின் பெரிய பிழை வேறொன்று. ‘சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பாருங்கள்’ என்கிறது. பரிசோதனைக்கு முன் நிறுத்தவே கூடாது. டி.டி.ஜி ஐ.ஜி.ஏ என்ற ரத்தப் பரிசோதனை தேடுவது, குளூட்டனை எதிர்த்து உடல் தன் குடலையே தாக்கும்போது உண்டாகும் எதிர்ப்பொருளை. கோதுமை நின்றால் அதுவும் இறங்கிவிடும், எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் குடல் திசுவும் ஆறத் தொடங்கிவிடும். நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். பிறகு உறுதி செய்ய, மருத்துவர் மேற்பார்வையில் நாளுக்குக் குறைந்தது 3 கிராம் குளூட்டன், அதாவது ஒன்று இரண்டு சப்பாத்தி, இரண்டு வாரமாவது மறுபடி சாப்பிட வேண்டியிருக்கும். நிறுத்தித் தேறியவருக்கு அது நரகம். ரத்தப் பரிசோதனையின் கூடவே மொத்த ஐ.ஜி.ஏ (அந்த எதிர்ப்பொருள் சேர்ந்த வகை) அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும், சிலருக்கு அதுவே பிறவியில் குறைவாக இருந்து முடிவைப் பொய்யாக்கும்.

யாரைச் சந்தேகிப்பது? வயிற்றுப்போக்கு இருந்தே ஆக வேண்டுமென்பதில்லை. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஏறாத ஹீமோகுளோபின், வயதுக்கேற்ற உயரமின்மை, தள்ளிப்போகும் பூப்பு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண் இவையெல்லாம் அடையாளங்கள். இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் முற்பகுதி, இந்த நோய் முதலில் கெடுப்பதும் அதையே. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கும், நோயாளியின் உடன்பிறந்தோர், பெற்றோருக்கும் பரிசோதனை தேவை. தென்னிந்தியாவில் இந்நோய் அரிது என்பது உண்மைதான். 2016-இல் வெளியான ஆய்வில் ரத்தத்தில் இந்நோயின் எதிர்ப்பொருள் இருந்தது வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல், வேலூர்ப் பக்கத்தில் 1000 பேரில் ஒருவருக்கு. ஆனால் நோய்க்கு இடமளிக்கும் மரபணு இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தது. பெரிதும் வேறுபட்டது சாப்பிடும் கோதுமையின் அளவு. அரிது என்பதாலேயே இங்கே மருத்துவருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

இன்னொன்று, கட்டுரை முழுக்க ‘கோதுமை ஒவ்வாமை’ என்றே எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வாமை வேறு, இது வேறு. அந்தச் சொல்லைக் கேட்கும் நண்பர்கள் ‘ஒரு வாய்தானே, அப்புறம் மாத்திரை போட்டுக்கொள்’ என்கிறார்கள். இதற்கு மாத்திரை இல்லை. ஒரு வாய் கேக்குக்கு வயிறு எதுவும் காட்டாமலே இருந்துவிடலாம், பதின்ம வயதினர் ஏமாறுவது அதில்தான். இப்படி ஒரு வாய், ஒரு வாயாகத் தொடர்ந்தால், ஆறு மாதம் கழித்து எடுக்கும் டி.டி.ஜி அதைக் காட்டிக் கொடுக்கலாம்.

கட்டுரையைப் படித்து யாராவது ஏற்கெனவே கோதுமையை நிறுத்தியிருக்கக்கூடும். பரிசோதனை பற்றிய திருத்தத்தையாவது அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர் ஒருவர்,
திருச்சி.