புறவாசல் முழுக்கக் கல் பாவ வேண்டாம்

அம்பாசமுத்திரம்,
மார்கழி 20.

அன்புள்ள கோமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, காலையில் கோவில் வரை நடந்துவிட்டு வருகிறார். மாப்பிள்ளையையும் சின்னவளையும் கேட்டதாகச் சொல். டேராடூனில் குளிர் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிட்டது என்றாய். பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா போட்டு அனுப்பு.

போனில் பேசினால் பாதிப் பேச்சு சிக்னலோடு போய்விடுகிறது, மீதியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பேசிவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். புறவாசல் முழுக்க பேவர் பிளாக் போடப் பணம் அனுப்புகிறேன் என்றாயே, அந்த விஷயம்தான். மழைக்குச் சருகு வழுக்குகிறது, அப்பா விழுந்து வைத்தால் நீ அங்கிருந்து ரயிலேறி வந்து சேர மூன்று நாள் ஆகும். நியாயமான பயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தாமல், "பறவை வராதே என்று கவலைப்படாதே அம்மா, ஆன்லைனில் ஒரு தீனிப் பெட்டி வாங்கி அனுப்புகிறேன், மாமரத்தில் தொங்கவிடு" என்றாய் பார், அங்கேதான் எனக்கு உன்னோடு வழக்கு.

இப்போது புறவாசலுக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

ஐப்பசி மழையோடு ஆறுமணிக்குருவி வந்தது. விடிந்தும் விடியாமலும் பால் வாங்கக் கதவைத் திறந்தால் பலாமரத்தடியிலிருந்து சீட்டி கேட்கும். இரண்டே சுரம், முதலாவது ஏறும், அடுத்தது இறங்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி. நடுவில் பகல் முழுக்கப் பெரும்பாலும் வாயைத் திறக்காது. அதைப் பார்க்க வேண்டுமானால் அடுப்படி ஜன்னலில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். மைனாவைவிடச் சின்னது, வால் என்று பார்த்தால் ஒரு துண்டுதான். முதுகு பச்சை, வயிறு சந்தன நிறம், தொண்டை வெள்ளை, கண் வழியாகப் போகிற கறுப்புப் பட்டை, தோளில் மின்னுகிற நீலம், வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் நின்றால் கண்ணுக்கே அகப்படாது. இரண்டு தத்துத் தத்தும், நிற்கும், அந்தத் துண்டு வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டும். அப்புறம் ஒரு பலாச் சருகை அலகால் கவ்வி ஓரமாக எறியும். அடியில் மண்புழு இருந்தால் இழுத்து, உதறி, விழுங்கிவிட்டு அடுத்த சருகுக்குப் போகும். நேற்று எனக்கு ரசம் கொதித்துப் பொங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா வந்து அடுப்பை அணைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சொல், இந்தப் பறவைக்கு உன் தீனிப் பெட்டியில் என்ன வேலை? அது சாப்பிடுவது அத்தனையும் தரையில், சருகுக்கு அடியில் கிடக்கிறது. அந்தத் தரையைத்தான் நீ மூடச் சொல்கிறாய்.

பனி விழுகிற நாட்டில் தீனிப் பெட்டி வைப்பது சரி. தரை உறைந்துவிடும், பூச்சி பேருக்குக்கூட இருக்காது, பகலும் ஏழெட்டு மணி நேரம்தான். அவ்வளவு நீள இரவைத் தாண்டச் சின்னப் பறவைகளுக்கு உடம்பில் கொழுப்பு வேண்டும். அதனால் இங்கிலாந்து மாதிரி இடங்களில் சூரியகாந்தி விதையும் கொழுப்பு உருண்டையும் தொங்கவிடுகிறார்கள். நம் ஊர் மார்கழி அப்படியா? வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த கையோடு புழுவும் பூச்சியும் பெருகிக் கிடக்கிற காலம் இது. அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் வடக்கேயிருந்து இந்தப் பறவைகள் இவ்வளவு தூரம் வருகின்றன. பெட்டியில் கம்பும் தினையும் வைத்தால் மாடப்புறா வரும், காக்கை வரும், அணில் வரும். சிந்தினதைத் தின்ன ராத்திரி எலி வரும். எலியைத் தேடி யார் வருவார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சின்ன வயசில் கிணற்றடியில் அவரைப் பார்த்துவிட்டு நீ அலறிய அலறல் இந்தத் தெருவுக்கே தெரியும். தானியம் தின்கிற சிட்டுக்குருவிக்கு வாசலில் கோலம் இருக்கிறது. இன்னும் பச்சரிசி மாவில்தான் போடுகிறேன், கல்மாவுக்கு மாறவில்லை.

துவைகல்லைச் சுற்றி ஈரமாக இருக்கிற இடம் சாம்பல் வாலாட்டிக்கு. அது ஆவணிக் கடைசியிலேயே வந்துவிட்டது. முதுகு சாம்பல், வாலடி மஞ்சள், வால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஆற்றங்கரையில் வருஷம் முழுக்க இருக்கிற கறுப்பு வெள்ளை வாலாட்டி வேறு, அது நம் ஊர்க்காரர். இது இமயமலை ஓடைகளில் கூடு வைக்கிற பறவை. நான் துணி அலசிவிட்டு நகர்ந்ததும் ஓடி வந்து ஈரத்தில் மொய்க்கிற குட்டிப் பூச்சிகளைப் பொறுக்கும். அந்தத் தண்ணீரையும் குழாய்க்குள் விட்டு மூடிவிடலாம் என்று கொத்தனார் யோசனை சொல்கிறார். யோசனைக்குக் காசா பணமா.

செம்பருத்தி வேலிக்குள் இன்னொருவர் இருக்கிறார். முகம் காட்டமாட்டார், கூழாங்கல் இரண்டைத் தட்டுகிற மாதிரி "டக்... டக்" என்று சத்தம் மட்டும்தான். பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று பெயர். உடம்பு 10, 12 கிராம் இருந்தால் அதிகம், மங்கின பழுப்பு, பார்க்க ஒரு விசேஷமும் இல்லை. ரஷ்யா, சைபீரியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து வேலிக்குள் பச்சைப்புழு பொறுக்குகிறது. அழகுப் பறவையைத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள், எனக்கென்னவோ இதன் மேல்தான் மதிப்பு. வேலியை மட்டமாக வெட்ட வேண்டும் என்று அப்பா கத்தரியோடு நின்றார். பங்குனி வரை பொறுங்கள் என்று வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன்.

அரசவால் ஈப்பிடிப்பானும் வந்தது. சின்னவள் பார்க்க வேண்டியது அது. கறுத்த தலை, வெள்ளை உடம்பு, உடம்பைவிட நீளமாக இரண்டு வெள்ளை நாடா வால். இருட்டுகிற நேரத்தில் மாங்கிளையிலிருந்து சரிந்து வந்து கிணற்றடித் தொட்டித் தண்ணீரில் ஒரு முங்கு முங்கிவிட்டு மறுபடி கிளைக்குப் போகும். அப்படி நாலைந்து தடவை. குளிரில் தண்ணீர் எதற்கு என்று அப்பா கேட்டார். குளிக்கத்தான், வேறெதற்கு. சின்னப் பறவைகளுக்காக இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரு மண்சட்டியும் வைத்திருக்கிறேன். தினமும் கழுவிக் கவிழ்த்து வேறு தண்ணீர் ஊற்றிவிடுவேன், இல்லாவிட்டால் கொசு முட்டை போட்டுவிடும். சட்டியைப் புதரை ஒட்டி வைக்கக் கூடாது, எதிர்வீட்டுப் பூனை அங்கேதான் பதுங்கும். வெட்டவெளியில் வைத்து, பறந்தால் போய் உட்காரப் பக்கத்தில் ஒரு கிளை இருந்தால் போதும்.

கார்த்திகையில் முருங்கை அடிமரம் தெரியாமல் கம்பளிப்பூச்சி அப்பியது. எதிர்வீட்டு மதினி மருந்தடிக்கச் சொன்னாள், ஆளையும் கூட்டி வந்துவிட்டாள். நான் சம்மதிக்கவில்லை. கைக்கெட்டுகிற உயரத்தில் இருந்ததை அப்பா பந்தம் கொளுத்திப் பொசுக்கினார், மேலே இருந்ததை விட்டுவிட்டோம். குயில் ஜாதிக்குக் கம்பளி மயிர் ஒரு பொருட்டே இல்லை, செம்போத்து வந்து சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போனது. மருந்து அடித்திருந்தால் செத்து விழுந்த புழுவை யார் தின்றிருப்பார் என்று நினைத்துப் பார்.

ஐப்பசியில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவே இல்லை. பக்கத்தில் புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி. ஆறுமணிக்குருவி ராத்திரியில் பறந்து ஊர் மாறுகிற பறவை. களைத்து இறங்குகிற நேரத்தில் கண்ணாடிக்குள் தெரிகிற மரத்தை நிஜ மரம் என்று நினைத்து மோதிவிடுகிறது. மதினி பையன் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தான். கண் பாதி மூடியிருந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. வாயில் தண்ணீர் ஊற்றப் போனவனைத் தடுத்தேன், அது மூச்சுக்குழாயில் இறங்கினால் அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, இருட்டறையில் வைத்துவிட்டு யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்றேன். ஒரு மணி நேரம் கழித்துப் பலாமரத்தடியில் கொண்டுபோய்த் திறந்தோம். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அப்புறம் சிறகில் வெள்ளைப் பட்டை தெரிய எழும்பிப் போய்விட்டது. இப்போது கூப்பிடுவது அதுதானா என்று பையன் தினமும் கேட்கிறான். எனக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டுக்காரரிடம் கண்ணாடியின் வெளிப்பக்கம் நெருக்கமாகக் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். சரி என்றார். இன்னும் போடவில்லை.

இந்தக் குருவி சித்திரையோடு கிளம்பிவிடும். பெரும்பாலும் மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும்தான் கூடு வைக்கும், இமயமலை அடிவாரம் என்றால் உன் பக்கம். இங்கிருந்து டேராடூன் நேர்கோட்டில் பார்த்தாலே 2,400 கிலோமீட்டர் இருக்கும். மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு சால் மரக்காட்டு ஓரமாகப் போய் நில். இங்கே அவ்வளவு அடக்கமாக இருப்பது அங்கே ஜோடி சேருகிற நேரத்தில் ஓயாமல் சீட்டியடிக்கும். தரையிலோ தாழ்ந்த கிளையிலோ குச்சியும் சருகுமாக உருண்டையாய்க் கட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்திருக்கும். கூட்டைக் கண்டால் கிட்டே போகாதீர்கள்.

இப்போதைய குளிருக்கு உங்களுக்கும் வேறு கூட்டம் வந்திருக்குமே. மேல்மலையில் பனி விழுந்தால் அங்குள்ள பறவைகள் அடிவாரத்துக்கு இறங்கும். ஓடைப் பாறையில் தலை வெள்ளையும் வால் சிவப்புமாக ஒரு கறுப்புப் பறவை நிற்கிறதா என்று பார். அசன் தடுப்பணை உங்களுக்குப் பக்கம்தானே, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கு ராம்சர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, உத்தராகண்டில் முதலில் அதில் சேர்ந்த இடம் இதுதான், 2020இல். ஆரஞ்சு நிறத்தில் பெரிய வாத்துகள் குளிர்காலம் முழுக்க அங்கே இருக்கும், சக்கரவாகம் என்பது அதுதான். மாலுக்குப் போகிற நேரத்தில் ஒரு தடவை அங்கே போய் வாருங்கள்.

பொங்கல் நாட்களில் இங்கே பறவைக் கணக்கெடுப்பு, 2015 முதல் நடக்கிறது. எங்கும் போக வேண்டாம், புறவாசலிலேயே 15 நிமிஷம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, இ-பேர்டு என்கிற பறவைக் கணக்கு இணையதளத்தில் பதிந்தால் போதும். அப்பா எண்ணுவார், நான் பெயர் சொல்வேன். உலகம் முழுக்க நடக்கிற இதே மாதிரிக் கணக்கு பிப்ரவரியில் வருகிறது, சின்னவளை அதில் சேர்த்துவிடு. தப்பாக எண்ணினாலும் பரவாயில்லை என்று சொல், முதலில் ஜன்னல் பக்கம் போய் நிற்கட்டும்.

சரி, உன் பயத்துக்கு வருகிறேன். அப்பா விழக் கூடாது என்பதில் எனக்கும் உனக்கும் ஒரே எண்ணம்தான். அடுப்படிப் படியிலிருந்து கிணற்றடி வரை, அங்கிருந்து துணி காயப்போடுகிற கொடி வரை, மூன்றடி அகலத்துக்குச் சொரசொரப்பான கருங்கல் பாவிவிடலாம். படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அந்தப் பாதையைத் தினமும் இரண்டு வேளை வாரியல் போட்டுக் கூட்டுகிறேன், கூட்டினதைப் பலாமரத்தடியில் தள்ளிவிடுவேன். மற்ற இடம் மண்ணாகவே இருக்கட்டும். அங்கே இறங்குகிற மழைதான் நம் கிணற்றுக்குப் போகிறது, இதையும் நினைவில் வை. இருட்டின பிறகு அப்பா அந்தப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீயும் போனில் ஒரு தடவை வாங்கிக்கொள், உன் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம்.

கொத்தனாரிடம் பேசிவிட்டேன், தை பிறந்ததும் வருகிறேன் என்றார். நீ அனுப்புவதாகச் சொன்னதில் பாதி போதும். தீனிப் பெட்டிக்கு ஆர்டர் போட்டிருந்தால் ரத்து செய், வந்துவிட்டால் உன் பால்கனியில் மாட்டிக்கொள், அந்தக் குளிருக்கு அங்கேதான் அது உபயோகம். வாரம் ஒரு தடவை கழுவ வேண்டும், மறந்துவிடாதே. சுண்டவற்றலும் இட்லிப் பொடியும் பார்சலில் போட்டிருக்கிறேன், கிடைத்ததும் போன் செய்.

அன்புடன்,
அம்மா