பல் கூச்சம் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறேன். வயது 52. சர்க்கரை வந்து 9 வருடம் ஆகிறது. போன வருடம் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வந்ததால் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போனேன். ஈறு நோய் முற்றியிருக்கிறது, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் பல்லில் கெட்டியாகப் படிந்த காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும், முதலில் இடது பக்கம், 10 நாள் கழித்து வலது பக்கம் என்றார்கள். மரத்துப்போக ஊசி போட்டு இடது பக்கத்தை முடித்தார்கள். வலி தெரியவில்லை. மாத்திரையும் வாய் கொப்பளிக்க மருந்தும் கொடுத்து, அடுத்து வர வேண்டிய தேதியைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். இடது பக்கம் முழுக்க சுரீரென்று இழுத்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மோர் இறங்கவில்லை. எலுமிச்சை சாதத்தைத் தொடவே பயம். நூலைப் பல்லால் கடித்து அறுப்பது என் பல வருடப் பழக்கம். அதற்கு வாயைத் திறந்து மூச்சை இழுத்தாலே கூசியது. கண்ணாடியில் பார்த்தால் பல்லுக்குப் பல் சந்து. பக்கத்து வீட்டு அக்கா, "மிஷின் வச்சா பல்லு தேஞ்சுதான் போகும், ஆட்டம் கொடுத்துடும், இனிமே அந்தப் பக்கம் போகாதே" என்றார். நம்பினேன், போகவில்லை. எங்கள் அம்மா செய்வதுபோல உப்பும் அடுப்புக்கரியும் கலந்து தேய்த்துப் பார்த்தேன். கூச்சம் இன்னும் கூடியது. ஐந்து மாதம் இப்படியே ஓடியது. கைவைக்காமல் விட்ட வலது பக்கத்தில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடி, அரசு மருத்துவமனையில் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

அங்கே இருந்த டாக்டரம்மா, "ஏன்மா பாதியில விட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஓ.பி. சீட்டைத் திருப்பி, பின்பக்கம் ஒரு பல்லை வரைந்தார். மேலே தெரியும் பல்லுக்கு எனாமல் என்ற கெட்டியான மேலுறை உண்டு, வேருக்குக் கிடையாது. இத்தனை நாள் வீங்கிய ஈறும் காரையும் வேரை மூடிக்கொண்டிருந்தன. காரை போய், வீக்கமும் வற்றியதும் வேர் வெளியே தெரிகிறது. நான் பார்த்த சந்தும் காரை அடைத்திருந்த இடம்தான். வேரில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைய இருக்கின்றன, உள்ளே நீர் இருக்கிறது; குளிர்ச்சியோ காற்றோ பட்டால் அந்த நீர் அசைந்து நரம்பைத் தொடுகிறது என்றார். தையலைப் பிரித்த துணியை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி போன ஓட்டை வரிசையாகத் தெரியுமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கரி, பற்பொடி எதுவும் கூடாது, வேரை அராவிவிடும் என்றார். மெத்தென்ற பிரஷ். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட், காலையும் இரவும். தேய்த்த பிறகு நுரையைத் துப்ப வேண்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. ராத்திரி படுக்கும்போது கூசும் இடத்தில் விரலால் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம். புளிப்பாக எதையாவது சாப்பிட்டால் அரை மணி நேரமாவது கழித்துத்தான் பிரஷைத் தொட வேண்டும். முதல் வாரம் ஒரு வித்தியாசமும் தெரியாமல் பேஸ்டைத் தூக்கிப் போடலாமா என்று இருந்தது. நரம்பு அடங்க 2 முதல் 4 வாரம் ஆகும், விட்டுவிட்டால் திரும்ப வரும் என்று அவர் சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் குழாய்த் தண்ணீர் பல்லில் பட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பல் மட்டும் அடங்கவில்லை. அதற்கு ஃபுளோரைடு வார்னிஷை நெயில் பாலிஷ் மாதிரி பூசிவிட்டார்கள். அப்புறம் வலது பக்கத்தையும் சுத்தம் செய்துகொண்டேன். இந்தத் தடவை கூச்சம் வந்தபோது பயம் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னார். பட்டதும் சுரீரென்று வந்து சில நொடிகளில் போனால் அது கூச்சம். குளிர்ச்சி போன பின்னும் வலி நின்றாலோ, ராத்திரி விண்விண்ணென்று குத்தினாலோ, கடித்தால் வலித்தாலோ, வீங்கினாலோ பேஸ்டை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

பல் டாக்டர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். சுரண்டுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் ஒதுக்கி, "கூசும், சந்து தெரியும், சில வாரத்தில் அடங்கும், இன்ன பேஸ்ட் வாங்குங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். அதைத் தமிழில் அரைப் பக்கம் அச்சடித்துக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது, ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. யாராவது இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு இந்தக் கதி வந்திருக்காது என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

போன வாரம் ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் சுத்தம் செய்திருக்கிறார், மறு பக்கத்துக்குப் போகப்போவதில்லையாம். மிஷின் டிராயரில் வைத்திருக்கும் அந்த ஓ.பி. சீட்டை எடுத்துக் காட்டினேன். திங்கட்கிழமை போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
திண்டுக்கல்.