தூத்துக்குடியில் இருக்கும் தம்பிக்கு: பாக்கெட் கேமராவுக்கு என்ன வாங்கலாம், எதை விடலாம்

அன்புள்ள தம்பிக்கு,

ரிக்கோ ஜிஆர் 3 கைக்கு வந்துவிட்டது, பழையதுதான் என்றாலும் கீறல் இல்லை என்று நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கூடவே வாங்க நினைக்கும் சாமான்களின் பட்டியலையும் அனுப்பியிருந்தாய். லெதர் உறை, கட்டைவிரல் பிடி, ஃபில்டர் மாட்டும் அடாப்டர், கழுத்துப் பட்டை, திரைக்குக் கண்ணாடி, கூடுதல் பேட்டரி, சின்ன ஃபிளாஷ். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று கேட்டாய். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. சின்ன கேமரா வாங்குகிற பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

பேட்டரியும் கார்டும் சேர்த்து இந்தக் கேமராவின் எடை 257 கிராம். நீளம் 109.4 மி.மீ., உயரம் 61.9, தடிமன் 33.2. இத்தனை சின்ன உடம்புக்குள் பெரிய கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரை, அதாவது வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சில்லை, வைத்திருக்கிறார்கள். நீ பணம் கொடுத்தது இதற்குத்தான். ஜப்பானின் தெருப் புகைப்படக்காரர் டைடோ மொரியாமா ஃபிலிம் காலத்திலிருந்தே ஜிஆர் வரிசைக் கேமராக்களைக் கையில் வைத்துக்கொண்டு டோக்கியோ தெருக்களில் நடந்தார். கேமரா எந்நேரமும் கூடவே இருந்தால்தான் அப்படிப் படமெடுக்க முடியும். அதனால் எந்தச் சாமானை வாங்கும் முன்பும் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்: இதை மாட்டிய பிறகும் கேமரா பேன்ட் பாக்கெட்டுக்குள் ஒரே கையால் போய் வருமா? வராது என்றால், அது எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும் நாளடைவில் கேமரா வீட்டிலேயே தங்கிவிடும். கேமராவுக்கு ஆக மோசமான கதி அதுதான் என்பது என் எண்ணம்.

கீழே விழுந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஜிஆருக்கு அதைவிடப் பெரிய எதிரி பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது. துணியிலிருந்து உதிரும் பஞ்சும் நூல் தூசியும். கேமராவை ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே நீள்கிறது, அணைத்ததும் உள்ளே போகிறது. ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது, துருத்தி மாதிரி. அந்தக் காற்றோடு பஞ்சும் போகும். இந்தக் கேமராவில் தூசியையும் ஈரத்தையும் தடுக்கும் ரப்பர் அடைப்பு கிடையாது. சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதிர்க்கும் வசதி மெனுவில் இருக்கிறது, அதை அவ்வப்போது ஓடவிடு. ஆனால் ஒட்டிக்கொண்ட தூசிக்கு அது போதாது. லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்யவும் வழியில்லை, முழுக் கேமராவையும் பிரிக்க வேண்டும். அந்த வேலையைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு, செலவும் அதிகம்.

எனவே முதல் செலவு, பஞ்சு உதிராத ஒரு பை. கடையில் விற்கும் பைகளில் பலவற்றுக்கு உள்ளே வெல்வெட் மாதிரி மெத்தென்ற துணி வைத்திருப்பார்கள். தொட்டால் சுகமாக இருக்கும், ஆனால் அதுவே பஞ்சு உதிர்க்கும். இதைவிட நல்ல வழி உன் தெரு டெய்லரிடமே இருக்கிறது. குடைத்துணி வாங்கிக் கொடு. நெருக்கமான நெசவு, நூல் பிரியாது, வியர்வையும் சட்டென்று ஊறாது. இரண்டு அடுக்காக, தையல் விளிம்புகள் உள்ளே தெரியாதபடி மடித்துத் தைக்கச் சொல். கேமராவை நெடுக்காக நுழைக்கிற மாதிரி என்றால் உள்ளளவு அகலம் 10.5 செ.மீ., ஆழம் 13 செ.மீ., மேலே மடித்துச் செருக ஒரு சின்ன மூடி. வெல்க்ரோ வேண்டாம், அது கிழிபடும் சத்தத்தில் நீ படமெடுக்க நினைத்தவர் திரும்பிப் பார்த்துவிடுவார். ஜிப்பும் வேண்டாம், அதன் பல் கேமராவைக் கீறும்.

பை இருந்தாலும் பாக்கெட் சுத்தமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை பாக்கெட்டை வெளிப்பக்கமாகத் திருப்பி மூலையில் சேர்ந்திருக்கும் பஞ்சைத் தட்டிவிடு. புது ஜீன்ஸ் என்றால் துவைத்த பிறகு. கேமரா இருக்கிற பாக்கெட்டில் சாவி, சில்லறை, கைக்குட்டை எதுவும் கூடாது. சட்டைப்பையில் வைக்காதே. குனிந்தால் விழும், போதாததற்கு நெஞ்சு வியர்வை. வேட்டி கட்டும் நாளில் தோளில் குறுக்காகப் போடும் ஒரு சின்னப் பை போதும்.

பை இறுக்கமாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாக்கெட்டுக்குள் ஏதாவது பட்டு பவர் பட்டன் அமுங்கினால் லென்ஸ் துணியை முட்டிக்கொண்டு நீளப் பார்க்கும், உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் பாழாகும். டெய்லரிடம் சொல்லும்போது பவர் பட்டன் இருக்கும் பக்கம் பைக்குள் அடியில் போகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. அழுத்தம் முழுதும் அங்கேதான் விழும். மெனுவில் தானாக அணையும் நேரத்தையும் குறைத்து வை.

அடுத்தது ஸ்ட்ராப். கழுத்துப் பட்டை வேண்டாம். கழுத்தில் தொங்கினால் கேமரா மேசை, பஸ் கம்பி என்று எல்லாவற்றிலும் இடிக்கும், பாக்கெட்டுக்குள் போகும்போது பட்டை சுருண்டு அடைத்துக்கொள்ளும். மணிக்கட்டில் மாட்டும் மெல்லிய கயிறு போதும். 257 கிராமைத் தாங்க தடித்த பட்டை எதற்கு? முனையில் இரும்பு வளையம் இல்லாமல் நூல் கயிறாக இருக்கிறதா என்று மட்டும் பார், வளையம் இருந்தால் கேமராவின் பக்கத்தை உரசிக்கொண்டே இருக்கும். பாக்கெட்டிலிருந்து எடுக்கும் அந்த ஒரு நொடியில்தான் கேமரா அதிகமாகக் கை நழுவும். அதனால் முதலில் கயிறு மணிக்கட்டில், அப்புறம் கேமரா வெளியே, அப்புறம் பவர் பட்டன். லென்ஸ் நீண்டிருக்கும்போது கீழே விழுந்தால் அந்தக் குழல்தான் முதலில் அடிபடும்.

சரி, இனி உன் ஊர். சென்னையில் இருக்கும் எனக்கே கடல் காற்று தொல்லைதான், உனக்கு உப்பளமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே போய்ப் படமெடுக்காமல் இருக்கச் சொல்ல மாட்டேன், வெள்ளைக் குவியல்களும் அந்த வெளிச்சமும் இந்த லென்ஸுக்கென்றே அமைந்த மாதிரி. ஆனால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உலோகத்தை அரிக்கும். வீட்டுக்கு வந்ததும், கேமராவை ஆன் செய்வதற்கு முன்னால், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் உடம்பை மட்டும் துடை. பிறகு உலர்ந்த துணியால் ஒரு தடவை. வாசனை போட்ட ஈர டிஷ்யூ, சானிடைசர் எதையும் பக்கத்தில் கொண்டுவராதே. லென்ஸ் கண்ணாடியில் விரல் ரேகை பட்டால் முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடை. மணல் துகளோடு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடியில் கோடு விழும். லென்ஸ் குழலின் இடுக்கில் ஊதாதே. டப்பாவில் அடைத்து விற்கும் காற்றை அங்கே அடித்தால் வெளியில் இருக்கும் தூசியும் உள்ளே போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பிரச்சினை பூஞ்சை. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி படர ஆரம்பிக்கும். கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் பெரிய டிரை கேபினட் அலமாரி ஒற்றைக் கேமராவுக்குத் தேவையில்லை. மூடி இறுக்கமாகப் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா, ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு குட்டி மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், ஒரேயடியாக உலர்த்துவதும் நல்லதில்லை. ஆரஞ்சு பச்சையாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய தட்டில் கொட்டி, குறைந்த தீயில் நிறம் திரும்பும் வரை சூடாக்கு. நீல நிற ஜெல்லை வாங்காதே, அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நஞ்சு. வீட்டில் குழந்தைகள் ஓடுகிற இடம்.

அம்மா பீரோவில் துணிகளுக்கிடையே வைக்கச் சொல்வார்கள். பாதுகாப்பு என்ற நல்லெண்ணம்தான், ஆனால் பீரோவில் அந்துருண்டை இருக்கும். அதன் ஆவி கேமராவின் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் ஆகாது. அரிசிக்குள் புதைத்து வைக்கும் யோசனையும் வேண்டாம், அரிசித் தூசிதான் மிச்சம். உண்மையில் டப்பாவைவிடவும் நல்ல மருந்து, தினமும் கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. பூஞ்சைக்கு இருட்டும் அசையாத காற்றும் பிடிக்கும், இரண்டையும் அதற்குக் கொடுக்காதே.

லெதர் உறையை நான் ஒதுக்குவதும் இதனால்தான். பார்க்க அழகு, பிடிக்கவும் சுகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லெதர் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் அதன் மேலேயே பூஞ்சை பிடிக்கும். கேமராவைச் சுற்றி அதைக் கட்டிவைப்பது கடலோர ஊரில் இருக்கும் யாருக்கும் சரிப்படாது.

கட்டைவிரல் பிடியும் வேண்டாம், பாக்கெட்டின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். ஜிஆரின் பிடி ஏற்கெனவே நன்றாக அமைந்தது. மேலே ஃபிளாஷ் செருகும் இடமான ஹாட் ஷூவுக்குப் பஞ்சு சேராமலிருக்க ஒரு சின்ன மூடி போடு, அது போதும். திரைக்குக் கண்ணாடி ஒட்டு, விலை குறைவு, தடிமனும் அதிகமாகிவிடாது. அடாப்டர் போட்டு யுவி ஃபில்டர் என்ற தெளிவான கண்ணாடியை மாட்டினால் லென்ஸ் குழல் முழுதும் மூடிய இடத்துக்குள் இருக்கும் என்பது உண்மை. தூசிக்கும் உப்புக்கும் நல்ல காப்பு. ஆனால் முன்னால் ஒரு டப்பா நீட்டிக்கொண்டு பாக்கெட்டுக்குள் போகாது. இந்தக் கேமராவின் 28 மி.மீ. கோணத்தை 21 மி.மீ.க்கு விரித்து இன்னும் அகலமாகக் காட்டும் ஜிடபிள்யூ-4 கூடுதல் லென்ஸ் வாங்கினால் அடாப்டர் எப்படியும் தேவை, அப்போது பார்க்கலாம். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது, இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் ஒரு பங்காகக் குறைக்கும், தனியாக வாங்காதே.

உன் பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். ஹாட் ஷூவில் செருகி, கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் ஆப்டிகல் வியூஃபைண்டர். ரிக்கோவின் ஜிவி-2, 28 மி.மீ. கோணத்துக்கென்றே செய்தது. உச்சிவெயிலில் உப்பளத்தில் நின்றால் திரையில் உன் முகம்தான் தெரியும். திரையின் வெளிச்சத்தை மெனுவில் கூட்டலாம், அதுவும் ஓரளவுக்குத்தான். வியூஃபைண்டரில் ஃபோகஸ் எங்கே விழுகிறது என்று தெரியாது என்பதால் ஃபோகஸை ஒரே தூரத்தில் நிறுத்திவைக்கும் ஸ்நாப் ஃபோகஸை 2 மீட்டரிலும், லென்ஸ் துளையான அப்பர்ச்சரை எஃப் 8-லும் வை (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து தூரம் வரை தெளிவாக வந்துவிடும். மற்ற நேரத்தில் கழற்றித் தனியாக வைத்துக்கொள், அப்போது பாக்கெட் விதிக்கும் பங்கமில்லை. விலை கொஞ்சம் அதிகம்தான், பழையது கிடைக்கிறதா என்று தேடு.

பேட்டரி கட்டாயம். ஒரு சார்ஜில் 200 படம் என்பது கம்பெனியே சொல்லும் கணக்கு, நீ திரையை அடிக்கடி பார்க்கிற ஆள். டிபி-110 என்ற பெயரைப் பார்த்து இரண்டு வாங்கு. 2025-இல் வந்த ஜிஆர் 4-க்கு டிபி-120, அது உன் கேமராவில் சேராது. பேரில்லாத மலிவான பேட்டரி உப்பிப்போய் உள்ளேயே சிக்கிக்கொண்டால் கேமராவுக்கே வினை. உதிரி பேட்டரியைப் பிளாஸ்டிக் டப்பியில் போட்டு வை, சாவியோடு உரசினால் ஷார்ட் ஆகும். கேமராவில் யுஎஸ்பி-சி இருப்பதால் ஃபோன் சார்ஜரே போதும். பைக்கின் பெட்டிக்குள் வெயிலில் எதையும் விட்டுவிட்டுப் போகாதே. 40 டிகிரி வரைக்கும்தான் அந்தக் கேமரா, வெயிலில் நிற்கும் பெட்டி அதைத் தாண்டிவிடும். கார்டு மறந்துபோனால் உள்ளே 2 ஜிபி அளவுக்கு இடம் இருக்கிறது, கொஞ்சம் படம் எடுக்கலாம். ஃபிளாஷை இப்போதைக்கு விடு.

கடைசியாக, இதுதான் அவசரம். பழைய ஜிஆர் வாங்கினால் சென்சாரில் தூசி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். எஃப் 2.8-இல் எடுத்தால் தெரியாது, நீ அனுப்பிய படங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல், கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, இரண்டு படம் எடு. கம்ப்யூட்டரில் போட்டு கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றிப் பார். இரண்டிலும் ஒரே இடத்தில் மங்கலான கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது தூசி. ஓரத்தில் ஒன்றிரண்டு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், நடுவில் இருந்தால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடு. அந்த இரண்டு படத்தையும் சுருக்காமல் அப்படியே எனக்கு அனுப்பு, நானும் பார்க்கிறேன். பை தைப்பதெல்லாம் அதற்கப்புறம்.

அன்புடன்,
அக்கா