பந்தய மாடும் பத்து சிலிண்டரும்

பட்டுக்கோட்டை
ஆவணி 20

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். புதாற்றில் தண்ணீர் கரையை ஒட்டி ஓடுகிறது. சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. சேற்றில் ஓட்ட டிராக்டருக்கு மாட்டும் இரும்புச் சக்கரம், அந்தக் கேஜ் வீலுக்குப் பற்றவைக்க வருகிறவர்கள் காலையிலேயே பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தொழிலை விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தினமும் ஏழு மணிக்குக் கடை திறக்கிறேன் என்று அம்மா உன்னிடம் புகார் சொல்லியிருப்பாள். அது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து போன் செய்து, பழைய லம்போர்கினி கார் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நீ சொன்ன சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கை மனத்துக்குள் ரூபாயாக்கிப் பார்த்ததில் வாயடைத்துப்போய், "பார்த்துச் செய்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் எனக்குக் கணக்கு வராது. பேனாவும் தாளும் வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. உன் காசை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. 2018-இல் கஜா புயல் நம் தென்னைகளை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனபோது, நான் கேட்காமலே பணம் அனுப்பியவன் நீ. பட்டறைக் கூரையும் அதில்தான் திரும்ப ஏறியது. ஆகவே "இவ்வளவு பணத்துக்கு ஒரு காரா" என்று நான் ஆரம்பிக்கப்போவதில்லை. அதை அம்மா பார்த்துக்கொள்வாள். நீ கேட்டது வேறு. "அப்பா, நீங்கள் மெக்கானிக். அந்த வண்டியின் திறன் அந்த விலைக்குத் தகும்தானே?" என்று கேட்டாய். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய லம்போர்கினி ஹுராகான் விவரத்தை உன் தங்கை மகன் போனில் பெரிதாக்கிக் காட்டினான். மூன்று முறை படித்தேன். பத்து சிலிண்டர், 5,204 சி.சி., 610 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று. டர்போ கிடையாது, தன் மூச்சிலேயே காற்றை இழுக்கும் எஞ்சின். தம்பி, மறைக்காமல் சொல்கிறேன், படித்ததும் மயிர்க்கூச்செறிந்தது. நம் வீட்டு மேஸி 1035 மூன்று சிலிண்டர், 2,400 சி.சி., 36 குதிரைத்திறன். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் நம்முடையது 15, உன்னுடையது 117. நம் வண்டி இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றிலேயே மூச்சு வாங்கும். அந்த இத்தாலிக்காரன் பிஸ்டனோ நொடிக்கு 137 முறை மேலே போய்க் கீழே வருகிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது கனெக்டிங் ராடு அறுந்து வெளியே வராமல் இருப்பதற்கு எவ்வளவு வேலை செய்திருப்பார்கள் என்று, லேத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும். அந்த வேலைக்கு விலை அதிகம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் நீ வேலையைப் பற்றியா பேசினாய்? ஓட்டத்தைப் பற்றி அல்லவா பேசினாய்!

நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.2 நொடி என்றாய். சரி. அந்தக் கார் 2014-இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 3 கோடியே 43 லட்சம். பத்து வருடம் கழித்து, 2024-இல், பிஒய்டி சீல் என்ற சீனத்து மின்சாரக் கார் இங்கே வந்தது. அதில் உயர்ந்த வகை அப்போது 53 லட்சம். அது அதே 100-ஐ 3.8 நொடியில் தொடுகிறது. நான்கு கதவு, பின்சீட்டு, சாமான் வைக்க இடம் எல்லாம் உண்டு. வித்தியாசம் 0.6 நொடி. கண்ணை இரண்டு முறை இமைத்துப் பார். அந்த இமைப்புக்குத்தான் மீதி 2 கோடியே 90 லட்சம்.

இதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். மின்சாரக் கார் கனம், மலேசியாவின் செபாங் மாதிரிப் பந்தயச் சாலையில் வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு ஓட்டினால் சூடேறித் தளர்ந்துவிடும், லம்போர்கினி அரை மணி நேரம் அடித்தாலும் சளைக்காது என்பாய். சரியான வாதம்தான். சீல் இரண்டு டன்னுக்கு மேல், உன்னுடையது எண்ணெய், பெட்ரோல் இல்லாமல் 1,422 கிலோ. ஆக அந்த விலையில் ஒரு பகுதி நேர்வேகத்துக்கு இல்லை, திரும்பத் திரும்ப நிற்பதற்கும் வளைவதற்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தத் திறன் வேலை செய்யும் இடம் செபாங் மட்டும்தான். நீ அங்கே வருடத்துக்கு எத்தனை நாள் போவாய்? போன வருடம் இரண்டு நாள் போனதாகச் சொன்னாய்.

மற்ற 363 நாளும் அந்த வண்டி சிங்கப்பூரில் நிற்கும். அங்கே விரைவுச்சாலையிலேயே உச்சம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஹுராகான் இரண்டாம் கியரிலேயே அதைத் தாண்டிவிடும். இருப்பது ஏழு கியர். மிச்சம் ஐந்தையும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்ற வேண்டியதுதான்.

உச்ச வேகம் 325 என்று பெருமையாகச் சொன்னாயே, அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பள்ளிக்கூட நாளில் சைக்கிளில் கடலோர மனோராக் கோட்டைக்குப் போவாய். மதியத்துக்கு மேல் கடல் காற்று எதிரே அடிக்கும்போது கொஞ்சம் வேகமாக மிதிக்கப் பார்த்தால் தொடை எரியும். ஞாபகம் இருக்கிறதா? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும், அதைத் தள்ளுவதற்கான திறன் மும்மடியாக ஏறும். 80 குதிரைத்திறன் உள்ள சாதாரணச் சிறு கார் எப்படியும் 160-ஐத் தொட்டுவிடும். அதன் இருமடங்கான 320-க்குப் போக எட்டு மடங்கு திறன் வேண்டும். எண்பதை எட்டால் பெருக்கு, கிட்டத்தட்ட உன் 610-இல் வந்து நிற்கும். அதற்கும் மேலே போனவர்கள் உண்டு. 2005-இல் வந்த புகாட்டி வேரான் 407 கிலோமீட்டர் வேகத்துக்காக 16 சிலிண்டர், நான்கு டர்போ, 1,001 குதிரைத்திறன் என்று கட்டி, அந்தச் சூட்டைத் தணிக்கப் பத்து ரேடியேட்டர் வைத்தார்கள். இங்கே ஒரு ரேடியேட்டர் ஒழுகினாலே எனக்கு அரை நாள் போய்விடுகிறது. பாதி வேகம் வரைக்கும் மலிவாகவே வந்துவிடும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை முன்னதைவிடக் கூடுதல். கடைசிக் கிலோமீட்டருக்கு யாராலும் விலை சொல்ல முடியாது.

இன்னொன்றை நீயே கவனித்திருப்பாய். நீ கொடுக்கப்போகும் தொகையில் காருக்குப் போவது ஒரு பங்குதான். 2023-இலிருந்து அங்கே புதிதாகப் பதியும் காரின் மதிப்பில் 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 320 சதவிகிதம் பதிவுக் கட்டணமாம். அதற்கு மேல் வாகன உரிமைச் சான்றிதழ் வேறு, அதுவும் பத்து வருடத்துக்குத்தான் செல்லும். நீ பார்த்திருக்கும் பழைய காருக்கு மிச்சம் நான்கு வருடம் என்றாய். அப்படியென்றால் நீ வாங்குவது காரா, நான்கு வருடக் குத்தகையா? நம்மூரில் குத்தகைக்குப் பிடித்தால் நெல்லாவது வரும். அந்தச் சிறிய தீவில் கார் பெருகக்கூடாது என்று அரசாங்கம் வைத்திருக்கும் விலை அது. அந்த விலைக்கும் பத்து சிலிண்டருக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொகையைத் திறனுக்கான விலை என்று என்னிடம் சொல்லாதே.

ஆக, நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: தகாது.

இதோடு நிறுத்தியிருப்பேன். தங்கை மகன்தான் கெடுத்தான். லம்போர்கினி என்பவர் முதலில் டிராக்டர் செய்தவர் என்று படித்துச் சொன்னான். எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது! ஃபெருச்சோ லம்போர்கினி, 1916-இல் திராட்சை பயிரிடும் வீட்டில் பிறந்தவர். போர்க்காலத்தில் ராணுவத்தில் மெக்கானிக் வேலை. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளின் பாகங்களை வைத்து டிராக்டர் கட்டினார். 1948-இல் டிராக்டர் கம்பெனி, 1963-இல்தான் கார் கம்பெனி. ஃபெராரியின் கிளட்சில் குறை சொல்லப் போனவரை என்ஸோ ஃபெராரி மதிக்கவில்லை, அந்த ரோஷத்தில்தான் கார் செய்தார் என்று ஒரு கதை. கதையோ நிஜமோ, டிராக்டர்காரனின் ரோஷம் எனக்குப் புரிகிறது. அந்தக் காளைச் சின்னம் அவருடைய ரிஷப ராசியாம். பின்னாளில் டிராக்டர் கம்பெனியையும் கார் கம்பெனியையும் விற்றுவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கே போய்விட்டார். அவர் விற்ற டிராக்டர் கம்பெனி இன்று சேர்ந்திருக்கும் குழுமத்துக்கு நம் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. காளையும் டிராக்டரும் ஒரே வீட்டில் என்று கேட்டதும் எனக்கு உன் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

தாத்தாவின் பந்தய மாடு பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். 1974, எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் உழவுக்கு ஒரு ஜோடி உம்பளச்சேரி இருந்தது. முழங்கால் சேற்றில் காலையிலிருந்து உழுதாலும் முகம் சுளிக்காத மாடுகள். ஒரு நாள் தாத்தா மணப்பாறைச் சந்தைக்குப் போய்விட்டு, ஒரு செவலையும் ஒரு மயிலையுமாகப் பந்தய ஜோடியோடு வந்து இறங்கினார். வாசலில் கட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. புதாற்றங்கரை நஞ்சையில் இரண்டு மா நிலத்தை விற்றிருக்கிறார்.

அந்த மாடுகளை ஏரில் பூட்டக்கூடாது. பாரம் ஏற்றக்கூடாது. பருத்திக்கொட்டை அரைத்த பால், கொள்ளு, புண்ணாக்கு, தினமும் குளத்தில் நீச்சல், சாயங்காலம் மணல் பாதையில் ஓட்டம். வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேழ்வரகுக் கூழ். அப்பாயி மூன்று மாதம் தாத்தாவோடு பேசவில்லை. கடைசியில் ஒரு நாள் திண்ணையில் வைத்துக் கேட்டாள்: "இது உழுமா?"

"உழாது."

"பாரம் இழுக்குமா?"

"இழுக்காது."

"பின்னே எதற்கு?"

"ஓடும்," என்றார் தாத்தா. அவ்வளவுதான்.

அடுத்த தை மாதம் பேராவூரணிப் பக்கம் பந்தயம். நடு மாட்டுப் பிரிவு, போய்வர ஆறு மைல். திரும்பும் வழியில் நான் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். முதலில் புழுதி, அப்புறம் சலங்கை, அதற்கப்புறம் செவலையின் மூச்சு. எங்கள் வண்டிக்கு முன்னால் யாரும் இல்லை. பரிசு ஒரு அண்டா, ஒரு கொடி, நூற்றியொரு ரூபாய். ஒரு மாதத் தீனிக்குக் காணாது. விற்ற இரண்டு மாவும் இன்றைக்கு மெயின் ரோட்டு ஓரம், அதில் பெட்ரோல் பங்க் நிற்கிறது. விலையை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த அண்டாவில்தான் அம்மா இன்னும் விசேஷத்துக்கு வெந்நீர் போடுகிறாள்.

தாத்தா செய்தது சரி என்று சொல்ல இதை எழுதவில்லை. அப்பாயி பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். ஆனால் அந்த மாடு உழவு மாட்டைவிட லாபம் என்றோ, விலைக்குத் தக்க பலன் என்றோ அவர் ஒரு நாளும் கணக்குக் காட்டவில்லை. ஆசைப்பட்டார், வாங்கினார், திட்டு வாங்கிக்கொண்டார். நீ படித்தவன். 3.2 நொடியையும் 610-ஐயும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாய். எனக்குப் பிடிக்காதது அதுதான். ஆசை என்றால் ஆசை என்று சொல். அந்த ரக எஞ்சின் இனி வராது, அடுத்து வந்த டெமெராரியோவில் டர்போ வைத்த எட்டு சிலிண்டரும் மின்மோட்டாரும் என்கிறான் உன் தங்கை மகன். அதனால் வேண்டும் என்றாலும் புரிந்துகொள்வேன்.

வாங்குவதாக இருந்தால் கடன் மட்டும் வைக்காதே. மருமகளிடம் தொகையை முழுசாகச் சொல். தாத்தா மாதிரி வாசலில் கட்டிவிட்டுச் சொல்லாதே. அந்தக் காரில் இருப்பது இரண்டு சீட்டு, உன் வீட்டில் நான்கு பேர். அதற்கும் இப்போதே ஒரு பதிலைத் தயார் செய்துகொள். அதற்கு முன்பு செபாங்கில் வாடகைக்கு ஒரு நாள் எடுத்து, வேர்க்க வேர்க்க ஓட்டிப் பார். மறுநாளும் தூக்கம் வராவிட்டால் மேற்கொண்டு பேசலாம்.

அப்படி ஓட்டும் அன்று எனக்குப் போன் செய். வீடியோ வேண்டாம், அதில் சத்தம் கெட்டுப்போகும். பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துப் போனைப் பிடித்துக்கொள்ளச் சொல். ஊசி எட்டாயிரத்தைத் தாண்டும்போது நீ பேசாமல் இரு. மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடு. அந்த நேரம் அம்மா தூங்குவாள், நான் பட்டறையில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா